மறதிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகும் முன் வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள்

என் மாமியாருக்கு 30-க்கு 17 வந்தது. என் அப்பாவுக்கு 30-க்கு 28. இரண்டும் 2022-இல், மூன்று மாத இடைவெளியில் எடுத்த ஒரே மறதிப் பரிசோதனை. 17-ஐப் பார்த்து அத்தைக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் தொடங்கிவிட்டது என்றார்கள். 28-ஐப் பார்த்து அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அம்மா போன துக்கம்தான் என்றார்கள். கடைசியில் அத்தைக்கு இருந்தது வேறு. அப்பாவுக்குத்தான் அந்த நோய்.

காங்கேயம் பக்கத்தில் 31 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி, பிரசவம், ரத்தசோகை என்று ஓடிய சர்வீசில் மறதி நோயைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இந்த இரண்டு பேரை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது சுற்று வட்டாரத்தில் இருந்து "எங்கம்மாளுக்கு இத்தன மார்க்கு வந்திருக்குதுங்க, என்னங்க பண்றது" என்று ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன். நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது நரம்பியல் டாக்டரோ மனநல டாக்டரோதான். அவர் சரியாகச் சொல்வதற்கு வீட்டுக்காரர்கள் என்ன கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் விஷயம்.

முதலில் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இரண்டு பேருக்கும் எடுத்தது எம்.எம்.எஸ்.இ. என்கிற பரிசோதனை. 1975-இல் அமெரிக்காவில் வந்தது, இன்றும் நிறைய இடங்களில் அதைத்தான் எடுக்கிறார்கள். மொத்தம் 30 மதிப்பெண். 24-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது பழைய கணக்கு. நாள், இடம் பற்றி 10 கேள்விகள். மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்வதற்கு 3, கொஞ்ச நேரம் கழித்து அதே சொற்களை ஞாபகப்படுத்திச் சொல்வதற்கு 3. 100-இல் இருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்கு 5. பென்சிலையும் கடிகாரத்தையும் காட்டிப் பெயர் கேட்பதற்கு 2, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல 1, காகிதத்தை வாங்கி மடித்து வைக்கச் சொல்லும் மூன்று படி வேலைக்கு 3. எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத 1, ஒன்றோடொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். கழித்தல் 5, படிப்பது 1, எழுதுவது 1, வரைவது 1. இந்த 8-ம் பள்ளிக்கூடத்தில் பழகியிருந்தால்தான் எளிதாக வரும். பென்சிலே பிடிக்காதவர் மற்ற எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னாலும் 22-இல் வந்து நின்றுவிடலாம். அதுவே 24-க்குக் கீழே.

இது நான் மட்டும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களிடம் இதே பரிசோதனையை எடுத்து 1993-இல் கணக்கை வெளியிட்டார்கள். ஒன்பது வருஷமோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டு வருஷம் படித்தவர்களுக்கு 26. நாலு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. வயதை வைத்துப் பார்த்தால் 18 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 29, எண்பது தாண்டியவர்களுக்கு 25. ஆக, 22 என்ற எண்ணை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தம் கிடையாது. யாருடைய 22 என்று கேட்க வேண்டும்.

அத்தையின் 17

அத்தை பள்ளிக்கூடம் போனதே இல்லை. கொறங்காட்டில் மாடு மேய்த்து, பத்து உருப்படியைப் பராமரித்து, பால் ஊற்றிக் குடும்பத்தை நிமிர்த்தியவர். 2022 வைகாசிக்கு மேல் ஆளே மாறிப்போனார். பேச்சுக் குறைந்தது. மாத்திரை மாறியது. அரிசிம்பருப்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். பயந்துபோய் ஆடி மாதம் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்த முகாமுக்குக் கூட்டிப் போனோம். ஜூலை 29, வெள்ளிக்கிழமை. கீழே மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கேட்ட பெண் சின்னப் பெண், வெளியூர், மரியாதையாகத்தான் கேட்டாள். "பாட்டி, இப்போ என்ன பருவகாலம்?" என்றாள். அத்தை முழித்துவிட்டு, "காத்துக் காலங் கண்ணு" என்றார். தப்பு என்று போட்டாள். எங்கள் பக்கம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் ஓட்டு மேல் ஓடு நிற்காது, அதைவிடச் சரியான பதில் எது? தேதி கேட்டதற்கு, "அமாவாசைக்கு மக்யா நாள்" என்றார். முந்தின நாள்தான் ஆடி அமாவாசை, சரியாகத்தான் சொன்னார். அதுவும் தப்பு. மாதம் ஆடி, கிழமை வெள்ளி என்றதற்கு மதிப்பெண் கிடைத்தது. "வருஷம் எனக்கெதுக்குக் கண்ணு" என்றார், அதில் ஒன்று போனது.

மாவட்டம் கேட்டாள். ஈரோடு என்றார். காங்கேயம் கோயமுத்தூர் மாவட்டமாக இருந்தபோது பிறந்தவர் அத்தை. 1979-இல் ஈரோடு தனியாகப் பிரிந்தபோது ஈரோட்டுக்காரர் ஆனார். 2009-இல் திருப்பூர் மாவட்டம் வந்தது. ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டே மூன்று மாவட்டம் பார்த்தவருக்கு நடு மாவட்டம் வாயில் நின்றுவிட்டது. எத்தனாவது மாடி என்றதற்கு "மச்சு மேல இருக்கறோம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு மச்சு புரியவில்லை.

அப்புறம் 100-இல் ஏழு கழிக்கச் சொன்னாள். "ஏழு ஏழா எதுக்குக் கழிக்கோணும்?" என்று கேட்டார் அத்தை, நிஜமாகவே புரியாமல். ஐந்து போச்சு. படிக்க, எழுத, வரைய மூன்றும் போச்சு. பென்சிலைக் கையில் கொடுத்தபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அது மறதியால் வந்த நடுக்கம் இல்லை, எழுபது வருஷக் கூச்சம்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை விரித்து வைத்து, போன மதிப்பெண்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். வருஷம், பருவம், தேதி, மாவட்டம், மாடி: 5. கழித்தல்: 5. படிப்பு, எழுத்து, படம்: 3. மொத்தம் 13. மூன்று சொற்களைக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது மூன்றையும் சொல்லியிருந்தார். மறதிக்கென்று வைத்த கேள்வியில் ஒரு மதிப்பெண்கூடப் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே, "காலைல நாலரை, பொழுதோட மூணரை, லிட்டர் 32 ரூவான்னா பத்து நாளைக்கு எவ்வளவுங்க அத்தை?" என்று கேட்டேன். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே "ரெண்டாயிரத்து ஐநூத்தி அறுவது" என்றார்.

பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. மாத்திரை மாறியதற்கும் உப்பு இரண்டு தடவை விழுந்ததற்கும் பாதிக் காரணம் கண் தெரியாததுதான். ஊசி போட்டு, கண் ஆபரேஷன் முடிந்து நாலு மாதத்தில் பழைய அத்தை திரும்பி வந்தார்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, "படிக்காதவங்க, மார்க்கு குறையத்தான் செய்யும்" என்று யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள். எனக்கு அந்தப் பயம்தான் அதிகம். சின்ன வயதில் படிப்புக் கிடைக்காததே டிமென்ஷியா வருவதற்கான காரணங்களில் ஒன்று என்று உலக ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு 7.4 பேருக்கு டிமென்ஷியா, ஏறக்குறைய 88 இலட்சம் பேர். பெண்களில் 9, ஆண்களில் 5.8. கிராமத்தில் 8.4, நகரத்தில் 5.3. படிக்காத கிராமத்துப் பெண்ணுக்குப் பரிசோதனையும் பாதகம், நோயும் அதிகம். அதனால்தான் மதிப்பெண் குறைந்தால் எங்கே குறைந்தது என்று பார்க்கச் சொல்கிறேன்.

வயதுக்கும் இதே பேச்சுத்தான். எண்பதில் கை மெதுவாகும், சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கும், இதெல்லாம் இயல்பு. ஆனால் காலமெல்லாம் பழகின தோட்டத்து வழி தெரியாமல் போவது எந்த வயதிலும் இயல்பு இல்லை. "வயசானா அப்படித்தான்" என்ற ஒரு சொல்லால் எங்கள் ஊரில் எத்தனை பேரை டாக்டரிடமே காட்டாமல் விட்டிருக்கிறோம் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அப்பாவின் 28, அம்மாவின் கை

அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தமிழும் வரலாறும் எடுத்தவர். 2021-இல் அம்மா தவறிய பிறகு, கரண்ட் பில்லை ஒரே வாரத்தில் இரண்டு தடவை கட்டப் போனார். வெள்ளகோவில் போகிறேன் என்று கிளம்பித் தாராபுரம் பஸ்ஸில் ஏறி, தாராபுரத்தில் இறங்கி நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். அக்டோபர் கடைசியில் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். ஐங்கோணம் கோடு போட்டது போல வந்தது. 93, 86, 79, 72, 65 என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். 28 வாங்கினார். "சார், நீங்க என்னைவிட நல்லா இருக்கீங்க" என்றார் டாக்டர். நானும் நிம்மதியாகி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். போன அந்த இரண்டு மதிப்பெண்ணும் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. மூன்று சொற்களில் இரண்டை அவரால் ஞாபகப்படுத்த முடியவில்லை. அத்தை இழந்த 13-ஐவிட அப்பா இழந்த அந்த 2-தான் பெரிது.

நிறையப் படித்தவர்களுக்கு மூளையில் ஒரு சேமிப்பு இருக்கிறது. உள்ளே கரையான் அரித்தாலும் வெளியே கதவு நன்றாகவே நிற்கும். அவர்களுக்கு 24 என்கிற கோடு மிகவும் தாழ்வு, பட்டப்படிப்புப் படித்தவர்களுக்கு 27-க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டும் என்று 2008-இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்பா அந்தக் கோட்டையும் தாண்டித்தான் நின்றார். பழைய ஞாபகமும் ஏமாற்றும். வருகிறவர்கள் எல்லாம் "குறள் குறளா சொல்றாரே, இவருக்கா மறதி" என்றார்கள். வருஷக்கணக்கில் வகுப்பில் சொன்ன குறள் கடைசியில்தான் போகும். காலையில் யார் வந்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் முதலில் போகும்.

இன்னொன்று, இது ஆண்களின் விஷயத்தில் எங்கள் பக்கம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அம்மா இருந்தவரை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார். "இன்னிக்குத் திங்கக்கெழமைங்க, சந்தை" என்று அவர்தான் சொல்வார். விசேஷத்துக்குப் போனால், எதிரே வருகிறவர் பெயரை அப்பா காதில் மெதுவாகச் சொல்வார். அப்பாவுக்கு மறதி தொடங்கி எத்தனை நாள் ஆகியிருந்ததோ, அம்மாவின் கை அதை மூடிக்கொண்டிருந்தது. அம்மா போனதும் திடீரென்று வந்தது போலத் தெரிந்தது. நாங்கள் துக்கம் என்றோம். ஆகவே, மனைவியை இழந்த ஆணைப் பற்றி டாக்டரிடம் சொல்லும்போது, முன்பு அவர் மனைவி எதையெல்லாம் பார்த்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துக்கமும் மனச்சோர்வும்கூட மறதியைக் கொண்டுவரும், அதையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு வேறு விதமான மறைப்பு உண்டு. சொற்களைக் கேட்டு ஞாபகம் வைப்பதில் பெண்கள் பொதுவாக ஆண்களைவிடக் கொஞ்சம் மேல். அதனால் படித்த பெண்ணுக்கு நோய் தொடங்கும்போது சொல் பட்டியலில் நன்றாகச் சொல்லித் தப்பித்துவிட முடியும், தெரிய வருவதற்குள் நாள் போய்விடும். உங்கள் அம்மா ஆசிரியையாகவோ அலுவலகத்திலோ இருந்தவர் என்றால் இதை மனதில் வையுங்கள்.

அன்றாட வேலை பற்றிக் கேட்கும் படிவங்களிலும் கவனம் வேண்டும். 1969-இல் வந்த லாட்டன் அளவுகோலில் எட்டு வேலைகள்: போன், கடைக்குப் போவது, சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம். ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டுக் கணக்கிடும் பழக்கம் தொடக்கத்தில் இருந்தே இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவரிடம் "சமையல் செய்வீர்களா" என்று கேட்டு இல்லை என்றதும் பூஜ்யம் போட்டால் அதற்கு மறதி காரணம் ஆகாது. அதே போலப் பேங்குக்கே போகாத அத்தையிடம் செக் எழுதுவதைக் கேட்பதும் வீண். அவருடைய பணக் கணக்கு பால் பணத்தில், ஏலச்சீட்டில், மொய் நோட்டில் இருக்கிறது. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் நமக்கு வைத்தது எவ்வளவு, நாம் திருப்பி வைக்க வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள். அது தடுமாறினால்தான் கவலைப்பட வேண்டும்.

நோட்டில் என்ன எழுதுவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் உண்மையான வயதை எழுதுங்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் அது யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. அத்தைக்கு ஆதாரில் 1948. ஆனால் "நயா பைசா வந்த வருஷம் நான் பெரிய மனுசியானேன்" என்பார். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அப்போது பதிமூன்று பதினான்கு என்றால், பிறந்தது 1943, 44. முகாமில் 74 என்று எழுதினார்கள், உண்மையில் எழுபத்தெட்டுக்கு மேல். நாலைந்து வயது என்பது இந்த வயதில் பெரிய வித்தியாசம். அண்ணா இறந்தது 1969, எம்.ஜி.ஆர். முதல்வரானது 1977 என்று இப்படி ஒரு சம்பவத்தைப் பிடித்து, அப்போது கையில் எத்தனை குழந்தை என்று கேட்டால் வயது தானாக வரும். படித்தவர்களின் தேதியையும் நம்ப முடியாது. ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக மே, ஜூன் என்று வாத்தியார்கள் எழுதியதுதான் அதிகம். அப்பாவே எத்தனையோ பிள்ளைகளை அப்படி எழுதிச் சேர்த்திருக்கிறார்.

அடுத்து படிப்பு. "அஞ்சாவது" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை வருஷம் உட்கார்ந்து படித்தார், இப்போது பேப்பர் படிப்பாரா, பஸ் போர்டு படிப்பாரா, கையெழுத்தா கைநாட்டா என்று எழுதுங்கள். பிறகு, வாழ்க்கையில் என்ன வேலை செய்தார். காது எப்படி, கண் எப்படி, சாப்பிடும் எல்லா மாத்திரையும், முக்கியமாகத் தூக்க மாத்திரை. ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்து தலையில் அடிபட்டதா என்பதையும் எழுதுங்கள்.

அடுத்த பக்கத்தில் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் "பத்து வருஷத்துக்கு முன்னாடி", வலது பக்கம் "இப்போ". இதுதான் நோட்டின் உயிர். அப்பாவின் நோட்டில் இடது பக்கம்: "சங்கக் கணக்கு முழுக்க இவர் கையில். பேப்பரில் எழுத்துப் பிழை கண்டுபிடித்து வட்டம் போடுவார்." வலது பக்கம்: "சங்கக் கணக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. ஒரே செய்தியைக் காலையில் மூன்று தடவை படித்துக் காட்டினார்." பொதுவாக "மறதி அதிகம்" என்று எழுதினால் பயன் இல்லை. எந்த நாள், எந்த இடம், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

இந்த வழியில் கேட்பதற்கென்றே படிவங்கள் இருக்கின்றன. ஐ.க்யூ.கோட் என்ற ஒன்று 1989-இல் வந்தது. அது கூட இருப்பவரிடம்தான் கேட்கும், பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது எப்படி என்று. ஒருவரை அவரோடேயே ஒப்பிடுவதால் படிப்பு அதை அவ்வளவாக அசைப்பதில்லை. ஏ.டி.8 என்பது எட்டே கேள்வி. கடந்த சில வருஷங்களில் வந்த மாற்றத்தைக் கேட்கும், இரண்டுக்கு ஆம் என்றாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். பதில் சொல்பவர் கூடவே வாழ்பவராக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் மகனுக்கு அம்மா எப்போதும் நன்றாகத்தான் தெரிவார். பாத்திரம் தேய்க்கும்போது கூட நிற்கும் மருமகளுக்குத்தான் தெரியும். முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாக எழுதுங்கள்.

போகிற நாள்

காலையில் போங்கள், சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். கண்ணாடி, காது மெஷின் மறக்க வேண்டாம். மைக் சத்தமும் கூட்டமும் இருக்கும் இடத்தில் எடுக்க வந்தால் "தள்ளி ஒரு ரூம்ல எடுங்க" என்று கேட்கலாம், கேட்க வேண்டும். முந்தின நாள் உட்கார வைத்து "என்ன தேதி, யாரு முதலமைச்சர்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அது நோயை மறைக்கும், பெரியவருக்கும் அவமானம். பரிசோதனை நடக்கும்போது பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கவும் கூடாது. ஆனால் மொழி புரியவில்லை என்றால் அதைச் சொல்வது உங்கள் வேலை. "பருவகாலம்னா தெரியாதுங்க, என்ன காலம்னு கேளுங்க" என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

படிக்காதவருக்கு வேறு பரிசோதனை இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஹரியானாவின் பல்லப்கரில் கிராமத்து மக்களுக்காக 1990-களில் எம்.எம்.எஸ்.இ.-யை மாற்றி அமைத்தார்கள். எழுதச் சொல்வதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வார்கள், படித்துச் செய்வதற்குப் பதிலாக நான் செய்வது போலச் செய் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2004-இல் வந்த ருடாஸ் பல மொழி, பல நாட்டு மக்களுக்காகவே செய்தது. அதில் கடைச் சாமான் நாலு ஞாபகம் வைக்க வேண்டும், வண்டி ஓடும் ரோட்டை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு 30-இல் 22-ம் அதற்குக் கீழேயும் சந்தேகம். மோக்கா என்ற பரிசோதனையில் 12 வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவார்கள். பிளஸ் டூ முடித்தவருக்கும் ஒன்று, பள்ளிக்கூடமே பார்க்காதவருக்கும் அதே ஒன்று. அது போதாது என்பது என் கருத்து. காண்டாமிருகத்தின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் பரிசோதனை அது. படிப்புக் குறைந்தவர்களுக்கென்றே மோக்கா பேசிக் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

அத்தைக்கு மறுபடி எடுத்தது கோயமுத்தூரில், கண் ஆபரேஷனுக்குப் பிறகு. அங்கிருந்த உளவியலாளர் அம்மா பென்சிலையே எடுக்கவில்லை. "உங்க வீட்டப் பத்தி ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றார். "எங்கூடு தெக்குப் பாத்த கூடு கண்ணு, வாசல்ல ரெண்டு வேம்பு, ஒண்ணு எம் மாமனாரு வெச்சது, ஒண்ணு தானா மொளச்சது" என்றார் அத்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதிப்பெண் கையில் வந்த பிறகு

மொத்த எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், தாளின் நகலைக் கேளுங்கள். அத்தைக்கு நான் எண்ணிய மாதிரி எண்ணுங்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்ட சொற்களில் போனதா, நாளும் இடமும் தெரியாமல் போனதா, அல்லது பேனா சம்பந்தப்பட்டதில் போனதா என்று பார்த்து டாக்டரிடம் கேளுங்கள். பி12, தைராய்டு, சோடியம் பார்த்தாயிற்றா, மனச்சோர்வு பார்த்தாயிற்றா, தலையில் அடிபட்டிருந்தால் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். இந்தப் பரிசோதனை ஒரு சல்லடைதான், நோயை உறுதி செய்வது இதற்குப் பிறகு நடக்கும் விரிவான சோதனை.

ஒரு விஷயத்துக்கு மட்டும் நோட்டும் வேண்டாம், நாளும் பார்க்க வேண்டாம். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று குழம்பிப் பேசினால், ஆள் தெரியாமல் போனால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சோடியம் இறங்கியிருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மதிப்பெண் நன்றாக வந்து, ஆனால் நோட்டு வேறு மாதிரி சொன்னால் நோட்டை நம்புங்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதே பரிசோதனையை, அதே நேரத்தில், அதே கண்ணாடியோடு எடுங்கள். பத்து நாளில் திரும்ப எடுத்தால் கேள்வி பழகிப்போய் மதிப்பெண் ஏறும், அது நிஜம் ஆகாது. அப்பாவுக்கு எட்டு மாதம் கழித்து எடுத்தபோது 25. படிவத்துப்படி அப்போதும் அவர் பாஸ். ஆனால் மூன்று சொல்லில் ஒன்றுகூட வரவில்லை, தேதியும் வருஷமும் போயிருந்தன. நான் இரண்டு தாளையும் நோட்டையும் டாக்டர் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் நோட்டைத்தான் அதிக நேரம் படித்தார். இரண்டு மணி நேர விரிவான சோதனைக்கு எழுதிக் கொடுத்தார், டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர், ஆரம்பக் கட்டம் என்று அதில் தெரிந்தது.

நோட்டு இன்னும் ஓடுகிறது, இது மூன்றாவது. போன செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் எழுதியிருப்பது: "காலை காபி குடித்து அரை மணியில் மறுபடி கேட்டார். பேத்தி பெயர் நான் முதல் எழுத்துச் சொன்னதும் வந்தது. பொழுதோட திண்ணையில் உட்கார்ந்து ஒன்பது குறள், தடையில்லாமல். அம்மா எங்கே என்று ஒரு தடவை கேட்டார்." அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்தப் பக்கத்தில்தான் அடையாளம் வைத்திருக்கிறேன்.